தமிழ்நாட்டு ஏரிகளிலும் உப்பளங்களிலும் கரைப்பறவைகளையும் வலசை வாத்துகளையும் கவனிக்க: முழுமையான வழிகாட்டி

வடக்கே சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கு நோக்கி இறங்கும் வாத்துகளும், கரைப்பறவைகள் எனப்படும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், கழிமுகம், உப்பளம் என எல்லா நீர்நிலைகளையும் நாடி வருகின்றன. அவற்றைப் பார்க்கத் தொடங்குகிறவர்களில் பலர், படங்கள் நிறைந்த கையேட்டை வாங்கிக்கொண்டு போய், சாம்பலும் பழுப்புமாக ஒன்றைப்போலவே மற்றொன்று தெரியும் உள்ளான் கூட்டத்தின் முன் மலைத்து நின்றுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. நீர் எவ்வளவு ஆழம், சேறு எவ்வளவு ஈரம், அந்த இடத்தில் நிற்கும் பறவை எப்படி இரை எடுக்கிறது என்பதை முதலில் பார்க்கப் பழகிவிட்டால், இறகின் நிறத்துக்கு வருவதற்கு முன்பே அடையாளம் காணும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

முதற்படி: பருவத்தை அறிதல்

வலசைக் காலம் என்றால் மார்கழியும் தையும்தான் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது வாத்துகளுக்கு ஓரளவு பொருந்தும், கரைப்பறவைகளுக்குப் பொருந்தாது. கரைப்பறவைகளில் முதிர்ந்தவை ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலுமே நம் கடற்கரையைத் தொட்டுவிடுகின்றன. இனப்பெருக்கக் காலத்துச் செம்பழுப்பு நிறம் முழுதும் மங்காத நிலையில் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் இந்த மாதங்களில்தான் போக வேண்டும். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் செப்டம்பர் முதல், பெற்றோரின் துணையின்றித் தனியாகவே வந்து சேர்கின்றன. அவற்றின் முதுகு இறகுகள் ஒவ்வொன்றும் வெளிர் விளிம்போடு புத்தம்புதிதாக இருப்பதால், இறகு தேய்ந்த முதிர்பறவையிலிருந்து அவற்றைப் பிரித்தறிவது அப்போது எளிது.

வாத்துகள் அக்டோபர் கடைசியிலிருந்து வரத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்தபின் கூடிக்கொண்டே போய், டிசம்பர், ஜனவரி மாதங்களில் உச்சத்தை அடைகின்றன. மழை பொய்த்த ஆண்டில், வழக்கமாக வாத்து நிறையும் ஏரி வெறுமையாகவும், ஆண்டு முழுதும் நீர் நிற்கும் சிறு நீர்நிலை பறவைகளால் நிரம்பியும் காணப்படலாம். ஆகவே சென்ற ஆண்டு எங்கே கண்டோம் என்பதைவிட, இந்த ஆண்டு எந்த ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதே பயனுள்ள தகவல்.

ஜனவரிக்குப் பிறகு பாசனத்துக்கு நீர் இறங்க இறங்க, ஏரியின் ஓரங்களில் சேறு வெளிப்படுகிறது. வாத்துகள் நடுவில் எஞ்சிய நீருக்கு ஒதுங்குகின்றன. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓரத்துச் சேற்றை நிரப்புகின்றன. ஒரே ஏரியில் இரு வகைகளையும் பார்க்க விரும்புகிறவருக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரையான காலத்தையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெயர்பெற்ற சரணாலயம் எல்லாமே இந்த இரு வகைப் பறவைகளுக்கும் ஏற்ற இடம் அல்ல. வேடந்தாங்கலின் புகழ் அங்கே மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவற்றால் வந்தது. வாத்துகளைப் பார்க்க அதன் அருகிலுள்ள கரிக்கிலி பெரும்பாலும் பொருத்தமானது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம், இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளுக்குப் பெயர் பெற்றது. திருவாரூர் மாவட்டத்து வடுவூர், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஆகிய ஏரிகளில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் திரளாகக் கூடுவதுண்டு. சென்னையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் பெரும்பாக்கம் பகுதியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பள்ளிக்கரணையும் கூந்தன்குளமும் வடுவூரும் 2022ஆம் ஆண்டிலும், கரைவெட்டி 2024ஆம் ஆண்டிலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

கரைப்பறவைகளுக்குக் கோடியக்கரைக்கு இணையான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். 2002இல் ராம்சர் தகுதி பெற்ற இப்பகுதியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு ஆய்ந்துவருகிறது. வேதாரண்யத்துச் சதுப்பும், அதை ஒட்டிய உப்பளங்களும், கடலோரச் சேற்றுவெளியும் ஒன்றுசேர்ந்து, கொசு உள்ளான் முதல் பூநாரை வரை பலவகைக் கால் நீளங்களுக்கும் ஏற்ற ஆழங்களை ஒரே பகுதியில் தருகின்றன. பழவேற்காடு, மரக்காணத்தை அடுத்த கழுவேலி, தூத்துக்குடி உப்பளங்கள், மணக்குடிக் கழிமுகம், தனுஷ்கோடிக் கரை ஆகியவையும் நல்ல இடங்களே.

ஆயினும் தொடர்ந்து கற்க விரும்புகிறவருக்கு, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பெயரில்லாத கண்மாய் ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை போய்வரும் கோடியக்கரையைவிட மிகுதியாகக் கற்றுத்தரும். பருவம் முழுதும் ஒரே இடத்துக்குப் போய்வந்தால்தான் நீர்மட்டம் இறங்குவதற்கேற்பப் பறவைகள் மாறுவது கண்ணில் படும். சேற்றுழவு முடிந்து நாற்று நடப்படாத வயல்களையும் விட்டுவிட வேண்டாம். பொரி உள்ளானும் விசிறிவால் உள்ளானும் அங்கே பெரும்பாலும் இருக்கும்.

அனுமதி பற்றி ஒரு சொல். சரணாலயங்களில் வனத்துறையின் நேரமும் விதியும் உண்டு. உப்பளங்களில் பல தனியாருக்கோ நிறுவனங்களுக்கோ உரியவை. பாத்தி வரப்பில் கால் வைப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுக்கொள்வது முறை. எந்தப் பாத்தியில் இப்போது பறவை இறங்குகிறது என்பதையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

மூன்றாம் படி: ஏரியில் எங்கே நிற்பது

நம் கீழைச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்குப் பக்கத்தில் வளைந்து கிடக்கிறது. மதகும் ஆழமும் கரையை ஒட்டி அமைகின்றன; மேற்கே நீர்ப்பிடிப்பை நோக்கிப் போகப் போக நீர் மெலிந்து, புல்லும் சேறுமாக முடிகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகுப்பக்கம் விழும். எதிரே நீரில் மிதக்கும் வாத்துகளின் நிறங்கள் தெளிவாகத் தெரியும். மாலையில் மேற்கு ஓரத்துக்குப் போய்க் கிழக்கே பார்த்தால், சேற்றில் நிற்கும் உள்ளான்கள்மீது ஒளி நேராக விழும். இந்த ஒழுங்கு மாறிவரும் ஏரிகளும் உண்டு. ஆகவே முதல் முறை போகும்போதே வெயில் எங்கிருந்து வருகிறது, ஆழம் எந்தப் பக்கம் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பே.

பொழுது விடிந்து இரண்டரை மணி நேரம் வரை காட்சி மிகத் தெளிவாக இருக்கும். அதன்பின் சேறும் நீரும் சூடேறி, தொலைவில் உள்ள பறவை கானலில் நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் கானலை வெல்ல முடியாது.

கடலோரத்தில் ஓதத்தையும், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதையும், கணக்கில் கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை என்றாலும், தட்டையான சேற்றுவெளியில் சிறு இறக்கம்கூட அகன்ற பரப்பைத் திறந்துவிடும். நீர் வற்றும்போது பறவைகள் பரந்து இரை தேடும். ஏறும்போது உப்பள வரப்புகளிலும் மணல் திட்டுகளிலும் நெருங்கிக் கூடி ஓய்வெடுக்கும். கூட்டமாகப் பார்த்து எண்ணுவதற்கு ஏற்றநேரம் நல்லது. இரை எடுக்கும் முறையைக் கற்க இறக்கநேரமே நல்லது.

நான்காம் படி: கருவிகள்

தொடக்கத்துக்கு 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ.) ஒன்று போதும். 10x42 சற்றுக் கூடுதலாக நெருக்கிக் காட்டும். ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இரு கண்களுக்கும் உள்ள பார்வை வேறுபாட்டைச் சரிசெய்வது: வலப்பக்க வில்லையைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தொலைவில் உள்ள பொருளைத் தெளிவாக்குங்கள், பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். பைனாகுலர் மங்கலாகத் தெரிகிறது என்று குறைப்படுகிறவர்களில் பலர் இதைச் செய்திருக்கமாட்டார்கள்.

20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப், கரைப்பறவைகளைப் பார்ப்பதில் மிகவும் துணைசெய்யும். எனினும் ஒரு பருவம் பைனாகுலரோடு மட்டும் பழகிய பிறகு அதை வாங்குவதே சரி. தோற்றத்தையும் நடையையும் கொண்டு பறவையைச் சொல்லும் பழக்கம் அதற்குள் வந்திருக்கும். தொப்பி, குடிநீர், மங்கிய நிற உடை, கோட்டில்லாத சிறு நோட்டு, பென்சில் ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் கட்டாயமில்லை.

ஐந்தாம் படி: நெருங்குவதும் நின்றுவிடுவதும்

பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு இரை எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பிப் போவதற்கான கொழுப்பாகச் சேர்கிறது. மீண்டும் மீண்டும் கிளப்பிவிடப்படும் கூட்டம் அந்தச் சேமிப்பைத்தான் இழக்கிறது. ஆகவே நேராக நடந்து போகாமல், பக்கவாட்டில் சாய்வாக, நின்று நின்று போகவும். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியாதபடி கரையின் உச்சியைத் தவிர்த்துச் சரிவில் அமர்ந்துகொள்வது நல்லது. அமர்ந்துவிட்டால் பல நேரங்களில் பறவையே உங்களை நோக்கி நடந்து வரும்.

பறவை உங்களைக் கவனித்துவிட்டது என்பதைக் காட்டும் அடையாளங்கள் தெளிவானவை. குனிந்து இரை எடுத்துக்கொண்டிருந்தவை தலையை நிமிர்த்தும். உள்ளான்கள் உடலை மேலும் கீழுமாக வெட்டும். வாத்துகள் கழுத்தை நீட்டி ஒரே திசையில் நீந்தத் தொடங்கும். ஆள்காட்டி கத்தத் தொடங்கினால் ஏரி முழுதும் விழித்துக்கொண்டது என்று பொருள். இவற்றில் எதைக் கண்டாலும் அதே இடத்தில் நின்று, சில அடி பின்வாங்குங்கள். ஒளிப்படத்துக்காகக் கூட்டத்தைப் பறக்கவிடுவதும், டிரோன் ஏவுவதும் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கவை அல்ல.

கூட்டம் திடீரென்று நெருங்கித் திரண்டு எழுந்தால் வானத்தைப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்தோ வல்லூறோ வந்திருக்கும்.

ஆறாம் படி: நீரின் ஆழத்தைப் படித்தல்

ஏரியின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கோடு போட்டதாகக் கொள்ளுங்கள். ஆழமான நீரில் நாமக்கோழியும் முக்குளிப்பானும், முழுகி இரை தேடும் வாத்துகளும் இருக்கும். முழங்கால் அளவோ அதற்கும் குறைவாகவோ உள்ள நீரில், தலையை மட்டும் நீருக்குள் அமிழ்த்தியும் வாலை மேலே தூக்கிக் கவிழ்ந்தும் இரை எடுக்கும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை ஆகியவை. ஊசிவால் வாத்தின் கழுத்து நீளமானதால், கிளுவைக்கு எட்டாத அடித்தளத்து விதைகள் அதற்கு எட்டும்.

அடுத்து, வாத்து மிதக்க முடியாத அளவுக்கு ஆழம் குறைந்த நீரில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் நடந்தபடி இரை தேடும். கணுக்கால் நனையும் அளவில் பச்சைக்காலி, பவளக்காலி, சதுப்பு உள்ளான். நீர் வற்றி மினுமினுக்கும் ஈரச் சேற்றில் கொசு உள்ளான். அதையும் தாண்டி, வெடிக்கத் தொடங்கிய காய்ந்த சேற்றில் உப்புக்கொத்திகள். புல் தரையில் ஆள்காட்டியும் பொன்னிற உப்புக்கொத்தியும். இந்த வரிசை அப்படியே மாறாமல் இருக்கும் என்பதில்லை. ஆயினும் பறவை நிற்கும் இடத்தைக் கொண்டே, கையேட்டில் புரட்ட வேண்டிய பக்கங்களைப் பாதிக்குமேல் குறைத்துவிடலாம். வந்ததும் பைனாகுலரைத் தூக்காமல், இந்த வளையங்கள் எங்கெங்கே உள்ளன என்று வெறும் கண்ணால் ஏரியை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: வாத்துகள்

புதியவர்கள் வாத்துகளிலிருந்து தொடங்குவதே எளிது. உருவம் பெரிது, நீரில் ஒரே இடத்தில் நெடுநேரம் இருக்கும், முழு இறகோடு இருக்கும் ஆண்கள் தனித்தனி நிறம் கொண்டவை. ஊசிவால் வாத்தின் ஆணுக்குத் தலை அடர்பழுப்பு, கழுத்து வெள்ளை, வால் நீண்டு கூரியது. நீலச்சிறகி ஆணின் கண்ணுக்குமேல் பிறைபோல் வளைந்த அகன்ற வெள்ளைப்பட்டை வெகுதொலைவிலும் தெரியும். கிளுவை ஆணின் செம்பழுப்புத் தலையில் பச்சைப்பட்டையும், வாலடியில் மஞ்சள் திட்டும் உண்டு. நாமத்தலை வாத்தின் நெற்றி வெண்மஞ்சள். தட்டைவாயனுக்கு நுனி அகன்ற பெரிய அலகு. நீர்ப்பரப்பை ஒட்டி அலகை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்தி நீரை வடிகட்டும்போது, அலகின் ஓரத்தில் வரிசையாக அமைந்த மெல்லிய தகடுகளில் நுண்ணுயிர்கள் தங்கிவிடுகின்றன.

ஆனால் அக்டோபரிலும் நவம்பரிலும் இந்த ஆண் நிறங்களைத் தேடினால் ஏமாற்றமே. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தங்கள் நிறத்தை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப்போன்ற மங்கிய இறகை அணிகின்றன. அந்த நாள்களில் சிறகிறகுகள் எல்லாம் ஒருசேர உதிர்வதால் சில வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. பறக்கும் இறகு முளைத்து நம்மிடம் வந்து சேரும்போது உடல் நிறம் பெரும்பாலும் திரும்பியிருப்பதில்லை. நீலச்சிறகியில் இந்த நிலை குளிர்காலத்தின் பெரும்பகுதி வரை நீள்கிறது. ஆகவே பெண்ணின் தோற்றத்தைக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போட முடியாது.

பெண் வாத்துகளில் நிறத்தை விட்டுவிட்டு, முகத்தையும் அலகையும் பாருங்கள். நீலச்சிறகிப் பெண்ணின் முகத்தில் கண்ணின் வழியே ஒரு கருங்கோடும், மேலே வெளிர் புருவமும், அலகின் அடியில் ஒரு வெளிர்ப் புள்ளியும் உண்டு. முகமே கோடு போட்டதாகத் தெரியும். கிளுவைப் பெண்ணின் முகம் எளியது. வாலின் பக்கவாட்டில் ஒரு வெளிர்க் கீற்று இருக்கும். ஊசிவால் பெண்ணுக்குச் சாம்பல் அலகும் மெலிந்த நீள்கழுத்தும். நாமத்தலைப் பெண்ணுக்கு உருண்ட தலையும் சிறிய அலகும். தட்டைவாயனின் அலகை ஆணிலும் பெண்ணிலும் மறைக்க முடியாது.

இங்கேயே ஆண்டு முழுதும் வாழும் வாத்துகளை முன்கூட்டியே கற்றுவைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். புள்ளிமூக்கு வாத்தின் கறுத்த அலகின் நுனி மஞ்சளாகவும், அடியில் செம்புள்ளியோடும் இருக்கும். சீழ்க்கைச் சிறகி பறக்கும்போது எழுப்பும் சீழ்க்கையே போதும். தாமரையும் அல்லியும் படர்ந்த குளங்களில் காணும் சின்னஞ்சிறு வெண்முகப் பறவை குள்ளத்தாரா.

பறந்து எழும் விதமும் ஒரு குறிப்பு. மேலோட்டமாக இரை எடுப்பவை நீரிலிருந்து நேராக எழும்பும். முழுகும் வாத்துகள் நீர்மேல் ஓடி வேகமெடுத்துப் பிறகே எழும். வாத்துகள் பகலில் பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, இருட்டியதும் வயல்களுக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்கும் இரை தேடிப் போகின்றன. ஆகவே மாலையில் கதிரவன் மறைந்தபின் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால், பகல் முழுதும் அசையாதிருந்த கூட்டம் அணி அணியாகக் கிளம்புவதைப் பார்க்கலாம்.

எட்டாம் படி: கரைப்பறவைகள்

கற்க வேண்டியது மிகுதியாக உள்ள பகுதி இதுதான், அவசரம் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் இரண்டு குடும்பமாகப் பிரியுங்கள். உப்புக்கொத்தி வகைக்குப் பெரிய கண்ணும் குட்டை அலகும். கண்ணால் இரை தேடுபவை. உள்ளான் வகைக்குச் சிறிய தலையும் நீள அலகும்; பெரும்பாலும் தொட்டுணர்ந்து தேடுபவை. அவற்றின் அலகு நுனியில் உணர்வு நரம்புகள் செறிந்திருப்பதால், சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவின் அசைவையும் அறிய முடிகிறது.

ஒரே ஒரு பட்டாணி உப்புக்கொத்தியைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் வேறு எதையும் பார்க்காமல் இருங்கள். சிறு கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நான்கைந்து அடி ஓடும்; சட்டென்று நிற்கும்; தலையைச் சாய்த்துச் சேற்றைப் பார்க்கும்; சில நேரம் ஒற்றைக்காலை முன்னே நீட்டி ஈரச் சேற்றின்மேல் படபடவென்று நடுக்கும். அந்த அதிர்வில் அசைந்த சிறு பூச்சியை ஒரே கொத்தில் எடுத்து, மீண்டும் ஓடும். இதே சேற்றில் இரண்டடி தள்ளி நிற்கும் கொசு உள்ளானோ நிற்பதே இல்லை. தலையைத் தூக்காமல் தையல் எந்திரத்தின் ஊசியைப்போல் குத்திக்கொண்டே நகரும். ஓடுதல், நிற்றல், கொத்தல் என்ற தாளம் தெரிந்துவிட்டால், கானலில் நெளியும் தொலைவிலும் உப்புக்கொத்தியை உள்ளானிலிருந்து பிரித்துவிடலாம்.

உப்புக்கொத்திகளில், பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மார்பில் முழுப்பட்டையும் உண்டு. கெண்டிஷ் உப்புக்கொத்தியில் மார்புப்பட்டை நடுவே அறுந்திருக்கும், கால் கறுப்பு. பொன்னிற உப்புக்கொத்தி இவற்றைவிடப் பெரியது, நிமிர்ந்து நிற்கும், முதுகில் பொன்னிறப் புள்ளிகள். கடற்கரை மணலில் நிற்கும், மார்புப்பட்டை மங்கிய, சாம்பல்பழுப்பு மணல் உப்புக்கொத்தி வகைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். தொடக்க ஆண்டுகளில் அவற்றை ‘மணல் உப்புக்கொத்தி, இனம் உறுதியில்லை’ என்று எழுதிக்கொள்வதே நேர்மையான பதிவு.

உள்ளான்களில் ஐந்தை மட்டும் முதல் பருவத்தில் உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டே அறிந்துகொள்ளலாம். நெடுங்கால் உள்ளானைப் பற்றி விளக்கவே தேவையில்லை. இளஞ்சிவப்புக் கால்களின் நீளம் போதும். பொரி உள்ளானுக்கு முதுகில் பொரிபொரியாக வெண்புள்ளிகளும், நீண்ட வெண்புருவமும், மஞ்சள் கலந்த கால்களும். வெறுமனே உள்ளான் என்று அழைக்கப்படும் சிறு பறவை, ஓயாமல் பின்புறத்தை ஆட்டும். மார்பின் வெண்மை இறக்கையின் முன்வளைவுக்குள் ஒரு கீற்றாக ஏறியிருக்கும். பறக்கும்போது நீரை ஒட்டி, விறைத்த இறக்கையால் சிறு சிறு அடிப்புகளோடு போகும். பவளக்காலிக்கு ஆரஞ்சுச் சிவப்புக் கால்களும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப்பட்டையும். பச்சைக்காலிக்குச் சற்றே மேல்நோக்கி வளைந்த தடித்த அலகும், எழும்போது மூன்று முறை உரத்து ஒலிக்கும் குரலும்.

இந்த ஐந்தும் மனத்தில் நின்றபின் ஒப்பிடுங்கள். பச்சைக்காலியைப் போன்றே வெளிர்நிறம், ஆனால் உடல் சிறுத்து, அலகு ஊசிபோல் நேராக இருந்தால் சதுப்பு உள்ளான். பொரி உள்ளானைப்போன்றே இருந்து, முதுகு மேலும் கறுத்து, எழும்போது இறக்கையின் அடிப்பக்கம் கருமையாகவும் வாலின் மேற்பகுதி பளிச்சென வெள்ளையாகவும் தெரிந்தால் பச்சை உள்ளான். பொரி உள்ளானின் இறக்கையடி வெளிர்நிறம். சிறிய தலையும் நீண்ட கழுத்தும், முதுகில் செதில்செதிலான இறகுகளும் கொண்டு, உருவத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும் பறவைகள் ஒரே கூட்டத்தில் இருந்தால் பேதை உள்ளான்; அவ்வினத்தில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரியது. நீண்டு நேரான அலகைச் சேற்றில் அடிவரை செருகி எடுப்பது கருவால் மூக்கன். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப்பட்டையும் வால் முனையில் கறுப்பும் தெரியும்.

குரலைக் கற்காமல் கரைப்பறவைகளைக் கற்பது அரைகுறையாகவே முடியும். பறவை எழும்பும் நொடியில் குரல் எழுப்புகிறது. அந்த நொடியில் கண்ணுக்குக் கிடைப்பதைவிடக் காதுக்குக் கிடைப்பது மிகுதி. ஒவ்வொரு முறையும் கேட்ட ஒலியை உங்களுக்குத் தோன்றும் எழுத்துகளிலேயே நோட்டில் எழுதிவைத்து, வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பறவையை வரவழைப்பதற்காக ஏரியில் ஒலிப்பதிவை ஒலிக்கவிடக் கூடாது.

ஒன்பதாம் படி: எண்ணுதலும் பதிதலும்

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுவது நடவாத காரியம். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்தி, அதே அளவுக்கு எத்தனை பங்கு கூட்டத்தில் அடங்கும் என்று பாருங்கள். கூட்டம் மிகப் பெரிதானால் நூறு பறவைகளை ஒரு பங்காகக் கொள்ளுங்கள். பல இனங்கள் கலந்திருந்தால் மொத்தத்தை முதலில் மதிப்பிட்டு, பிறகு கூட்டத்தின் மூன்று நான்கு இடங்களில் ஒவ்வோர் இனமும் எந்த விகிதத்தில் உள்ளது என்று எடுத்துப் பிரிக்கலாம். ஓரத்தில் உள்ள இனம் நடுவில் உள்ளதிலிருந்து மாறுபடுவது வழக்கமாதலால், ஒரே இடத்து விகிதத்தை நம்ப வேண்டாம்.

நோட்டில் நாள், நேரம், இடம், வானிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றோடு நீர் நிலையையும் தவறாமல் எழுதுங்கள்: நீர் எந்த மதகு வரை நிற்கிறது, சேறு எந்தப் பக்கம் திறந்துள்ளது, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியுள்ளது. பல ஆண்டுகள் கழித்து ஒரு பறவை ஏன் வரவில்லை என்று கேட்டால் விடை இந்த வரிகளில்தான் கிடைக்கும். பட்டியலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். அரிய பறவைகளை மட்டும் அல்லாமல், கண்டு அடையாளம் அறிந்த எல்லாவற்றையும் சேர்த்த முழுப்பட்டியலே ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஜனவரியில் 1987 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும், பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டால், அனுபவமிக்கவர்களோடு நின்று கற்கும் வாய்ப்பும் அமையும்.

காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவையைக் கண்டால், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறம், எந்த எழுத்து என்பவற்றைக் குறித்து, முடிந்தால் ஒளிப்படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். வலசையின் தொலைவு பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய தகவல்களிலிருந்தும், அண்மையில் செயற்கைக்கோள் கருவிகளிலிருந்தும் வந்தவை. 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது இத்தகைய கருவியால்தான் தெரியவந்தது. அப்போது அதன் வயது சுமார் ஐந்து மாதம்.

கண்ணியோ வலையோ கண்டால் நீங்களாக அதில் தலையிடாமல், இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். இறந்துகிடக்கும் பறவைகளைக் கையால் தொட வேண்டாம்; ஒன்றுக்கு மேற்பட்டவை கிடந்தால் உடனே வனத்துறைக்கோ கால்நடைத்துறைக்கோ தெரிவியுங்கள்.

மார்ச்சுக்குப் பின்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்படத் தயாராகும் கரைப்பறவைகள் மீண்டும் நிறம் ஏறத் தொடங்கும். குளிர்காலம் முழுதும் வெளிறியிருந்த பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கரும்புள்ளிகள் தோன்றி ஒன்றுசேரும். கருவால் மூக்கனின் கழுத்து சிவக்கும். புள்ளி புள்ளியாக நிறம் மாறிய இடைநிலைப் பறவைகளைக் கையேடுகள் அரிதாகவே காட்டுகின்றன என்பதால், இவற்றை வரைந்தோ படமெடுத்தோ வைத்துக்கொள்வது அடுத்த ஆகஸ்டில் உதவும்.

எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. இனப்பெருக்க வயதை எட்டாத கரைப்பறவைகளில் ஒரு பகுதி கோடையிலும் நம் கடலோரத்திலேயே தங்கிவிடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் உப்பளத்தில் எடுக்கும் பட்டியல் இதனாலேயே மதிப்புடையது. அதே நேரத்தில், வற்றிய ஏரியின் படுகையில் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. மண்நிறப் புள்ளிகளோடு கூழாங்கல்லிடையே கிடக்கும் அந்த முட்டை, மிதிக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. தலைக்குமேல் பறவை கத்திக்கொண்டே வட்டமிட்டாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு உங்களைத் திசைதிருப்பினாலோ, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிக் கரைக்கு ஏறிவிடுங்கள். கூட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம். அந்தப் பருவம் முடியும்வரை படுகைக்குள் இறங்காமல் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.